தலைவிதியா, துறைமுக விதியா?

தமிழிலே 'விதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று, பிறக்கும்போதே நெற்றியில் எழுதப்பட்டதென்று பாமரர் நம்புவது. மற்றொன்று, மனிதர் கூடி ஆராய்ந்து, 'இன்ன காரியத்தை இன்னபடி செய்யவேண்டும்' என்று ஏட்டில் எழுதிவைப்பது. முன்னதை எழுதியவனை எவரும் கண்டதில்லை. ஆகவே அதனைத் திருத்தவும் வழியில்லை. பின்னதை எழுதியவர் நம்மைப் போன்ற மனிதரே. அதனைத் திருத்தலாம், மீறினவனைக் கேள்வி கேட்கலாம், மீறாமற் காக்கலாம். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் பெயர் ஒன்றாய் அமைந்ததனால் நம்மவர்க்கு விளைந்த நஷ்டம் கொஞ்சமன்று. துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்துப் பத்துப்பேர் மாண்டால், 'இரண்டாம் விதியை மீறியவன் யார்?' என்று கேட்கவேண்டிய நாம், முதலாம் விதியின்மேற் பழியைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாட் காலை வேலைக்குத் திரும்பிவிடுகின்றோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம், நம் நீரிணையிலும் துறைமுகங்களிலும் இரவு பகலாக வந்துபோகும் வாயுக் கப்பல்களின் பாதுகாப்பு. 'தோட்டத்துக் கிராணிக்குக் கப்பலோடு என்ன வேலை? செம்பனைக் குலைகளை எண்ணிக்கொண்டிருக்கலாமே!' என்று நகைப்போர் உளர். அன்னார்க்கு நாம் சொல்வது இதுதான். குலையிலிருந்து பிழியும் எண்ணெய் துறைமுகத்தின் வழியே வெளியே செல்கின்றது. மரத்துக்கு இடும் உரம் துறைமுகத்தின் வழியே உள்ளே வருகின்றது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், பால்வாளியையும் அரிவாளையும் வைத்துவிட்டு வெளியேறிய நம் பிள்ளைகள், இன்று கிள்ளானிலும் பாசிர் கூடாங்கிலும் கிட்டங்கிகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் வேலை செய்கின்றனர். சிங்கப்பூர்க் கப்பற் பட்டறைகளிலோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் வெல்டிங் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனர். ஆகவே கப்பலின் விஷயம் கப்பற்காரன் விஷயம் மட்டுமன்று. நம் வீட்டு விஷயமுமாகும்.

முதலில் இடத்தின் இயல்பைப் பார்ப்போம். மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் நீரிணை என்னும் இவ்விரு கடல் வழிகளில் ஆண்டொன்றுக்கு எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்கின்றன. சிங்கப்பூருக்கு அண்மையில் பிலிப்ஸ் கால்வாய் என்னுமிடத்தில் வழியின் அகலம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர்தான். பெரிய தோட்டமொன்றின் ஒரு டிவிஷனைக் கடக்கும் தூரம் அது. அந்தச் சந்தின் வழியே எண்ணெய்க் கப்பலும், கொள்கலன் கப்பலும், மீன்பிடி படகும், பயணிகள் படகும், அவற்றின் நடுவே வாயுக் கப்பலும் செல்லவேண்டும். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்குத் திரவ வாயு முதன்முதல் ஏற்றப்பட்டது 1983-இல். அப்பொழுது வாயுவை அனுப்பும் நாடாக மட்டும் இருந்த மலேசியா, 2013-இல் மலாக்காவின் சுங்கை ஊடாங்கிலும், 2017-இல் ஜொகூரின் பெங்கெராங்கிலும் வாயுவை இறக்கும் துறைகளையும் பெற்றது. சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 2013 முதல் இறக்குகின்றார்கள். அவ்வூரில் எரியும் மின்விளக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வாயுவினால் எரிபவை. எனவே வாயுக் கப்பல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் இருட்டில் உட்கார்ந்துதான் சொல்லவேண்டும்.

இனி, அக்கப்பலுக்குள் இருப்பது யாது? இயற்கை வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர்வித்தால் அது தண்ணீர்போல் திரவமாகின்றது. அதன் பருமன் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. அறுநூறு கப்பல்களில் ஏற்றவேண்டியதை ஒரே கப்பலில் ஏற்றுவதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயம் இது. உபாயம் அரியதே. ஆனால் சுருங்கியது விரியும் என்பதை மறத்தலாகாது. திரவம் வெளியே சிந்தினால் உடனே கொதித்து ஆவியாகின்றது. அந்த ஆவி குளிர்ந்திருக்கும் வரை காற்றினும் கனமாக, வெண்மூடுபனிபோல் நிலத்தையும் நீரையும் ஒட்டித் தவழ்கின்றது. வெப்பமடைந்தபின் இலேசாகி மேலெழுகின்றது. காற்றோடு நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை கலந்த நிலையில் ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். சமையலுக்கு நாம் கொள்ளும் பெட்ரோலிய வாயுவோ வெப்பமடைந்த பின்னும் காற்றினும் கனமானது. அது மேலெழாமல், சாக்கடையையும் பள்ளத்தையும் தேடிச் சென்று தேங்கி நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டுச் சிலிண்டரில் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகின்றதல்லவா? அந்த நாற்றம் வாயுவின் சொந்த நாற்றமன்று. நம்மை எச்சரிக்க வேண்டுமென்றே கலக்கப்பட்டது. கப்பலிற் செல்லும் திரவ இயற்கை வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 'நாற்றம் வந்தால் ஓடிக்கொள்ளலாம்' என்று காத்திருப்பவன் ஏமாந்துபோவான். நம் மூக்கு நமக்குச் சொல்லாது, வேறெவராவதுதான் சொல்லவேண்டும்.

நெரிசலான கடலில் வாயுக் கப்பல் மோதினால் நேர்வதென்ன என்பதற்கு ஜப்பான் தேசத்துத் தோக்கியோ வளைகுடாவில் நடந்தது சாட்சி. 1974 நவம்பர் 9-இல் 'யூயோ மாரு 10' என்னும் வாயுக் கப்பல், 'பசிபிக் ஏரீஸ்' என்னும் சரக்குக் கப்பலோடு மோதிற்று. முன்னதில் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களோடு நாப்தா என்னும் எளிதில் தீப்பற்றும் எண்ணெயும் இருந்தது. அந்த எண்ணெய் சிந்தித் தீப்பிடிக்க, இரு கப்பல்களிலும் சேர்ந்து 33 பேர் மாண்டனர். சரக்குக் கப்பலில் இருந்தவருள் உயிர்தப்பியவர் ஒருவரே. எரியும் வாயுக் கப்பலை அணைக்க முடியாமல் கடலுக்கு இழுத்துச் சென்று, நவம்பர் 28-இல் ஜப்பானியக் கடற்படை பீரங்கியாலும் டார்பிடோவாலும் தாக்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ இருபது நாள் எரிந்த கப்பலை அணைக்க வழியின்றி, யுத்தக் கப்பலைக் கொண்டு கொன்று புதைத்தார்கள் என்றால், அதன் வலிமையை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம்.

இவ்விஷயத்தில் நம்மோடு வாதிக்க வருவோர் இரு திறத்தார். முதல் திறத்தார் முன்னரே கூறிய தலைவிதிக்காரர். இரண்டாம் திறத்தார் படித்தவர், புள்ளிவிவரக்காரர். 'திரவ இயற்கை வாயுவைக் கப்பலில் ஏற்றும் வாணிபம் 1964-இல் தொடங்கிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு கப்பலேனும் தன் சரக்கைப் பெருமளவில் சிந்திற்றென்று காட்ட முடியுமா? பின் ஏன் இந்தக் கூச்சல்?' என்பது அவர்கள் வாதம்.

காட்ட முடியாது, ஒப்புக்கொள்கின்றோம். 1979-இல் 'எல் பாசோ பால் கெய்சர்' என்னும் வாயுக் கப்பல் முழு வேகத்தில் ஜிப்ரால்டர் அருகே பாறையில் மோதி அடிப்பாகம் கிழிந்தது. ஆயினும் ஒரு துளி வாயுவும் சிந்தவில்லை. சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றி எடுத்தார்கள். ஏன் சிந்தவில்லை? அதற்கு நல்ல ஜாதகம் வாய்த்ததாலா? அன்று. கப்பலின் வெளிச்சுவர் கிழிந்தாலும் சரக்குத் தொட்டி கிழியாதபடி, இரட்டைச் சுவரும் இடைவெளியும் வைத்துக் கட்டவேண்டுமென்று மனிதன் முன்கூட்டி எண்ணியதால். பின்னர் 1986 ஜூலை முதல், வாயுக் கப்பல் கட்டும் முறை பற்றிய சர்வதேச விதித்தொகுதி கட்டாயமாக்கப்பட்டது. நம் நீரிணையில் போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்று கடலைப் பிரித்த ஏற்பாடு 1981-இல் நடைமுறைக்கு வந்தது. கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் சரக்கையும் கரைக்கு அறிவிக்கவேண்டும் என்னும் விதி 1998 டிசம்பரில் வந்தது. ஆகவே புள்ளிவிவரக்காரர் எந்தச் சாதனையைக் காட்டி நம்மை வாய்மூடச் சொல்கின்றாரோ, அந்தச் சாதனையே நம் கட்சிக்குச் சாட்சியாகின்றது. விதி வகுத்ததால் விபத்துக் குறைந்தது. விபத்துக் குறைந்ததென்று விதியைத் தளர்த்துவது, மழை நனையவில்லை என்று நடுவழியில் குடையை மடக்குவது போன்றதாம்.

மேலும், கப்பலை எஃகினாற் கட்டிவிட்டார்கள். கரையை எதனாற் கட்டினார்கள்? கப்பலின் மாலுமிக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. துறையில் கயிறு பிடிப்பவனுக்கும், லாரி ஓட்டுபவனுக்கும், கூட்டிப் பெருக்கும் கிழவிக்கும், கம்பத்து மீனவனுக்கும் என்ன உண்டு? இங்கேதான் நாம் சொல்லவந்த ஒரே விஷயம் இருக்கின்றது. துறைமுகச் சரித்திரத்தைப் புரட்டினால், ஒவ்வொரு பெரிய சாவிலும் ஒரே குற்றம் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றது: அபாயத்துக்கு மிக அருகில் நிற்பவனுக்கே அதைப் பற்றிய செய்தி எல்லார்க்கும் கடைசியில் செல்கின்றது, அல்லது செல்வதேயில்லை. கீழே நாம் காட்டுவன வாயுக் கப்பல்கள் அல்ல. வெடிமருந்தும் உரமும் ஏற்றியவை. ஆயினும் சரக்கு மாறினாலும் குற்றம் மாறவில்லை என்பதற்காகவே அவற்றைக் காட்டுகின்றோம்.

1917 டிசம்பர் 6. கனடா தேசத்து ஹாலிபாக்ஸ் துறைமுகம். வெடிமருந்து நிறைந்த 'மான்ட் பிளாங்க்' கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றிற்று. யுத்தகாலம் ஆதலால், உள்ளே என்ன இருக்கின்றதென்று காட்டும் செங்கொடியை அது ஏற்றியிருக்கவில்லை. ஊரார் சன்னல்களில் வந்து நின்று தீயை வேடிக்கை பார்த்தனர். ஏறத்தாழ இருபது நிமிஷங்களில் கப்பல் வெடித்தது. இறந்தவர் சுமார் 1,800 பேர். கண்ணாடிச் சில்லுகள் பட்டுக் கண்ணிழந்தவர் பலர்.

1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகம். 'போர்ட் ஸ்டிக்கீன்' என்னும் கப்பலில் பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிமருந்தும் இருந்தது. மத்தியானம் இரண்டு மணியளவில் புகை கண்டனர். நான்கு மணிக்கு மேல் வெடித்தது. இரண்டு மணி நேரம்! அந்த இரண்டு மணி நேரத்தில் பம்பாய்த் துறைமுகத்தைப் பாதி காலி செய்திருக்கலாம். அங்கும் செங்கொடி ஏறவில்லை. பக்கத்துக் கப்பல்களில் மூட்டை சுமந்தவர் சுமந்துகொண்டே இருந்தனர். எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணைக்கப் போன தீயணைப்பு வீரருள் மட்டும் 66 பேர்.

1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சாஸ் நகரம். 'கிராண்ட்காம்ப்' கப்பலில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம் தீப்பற்றிற்று. சரக்கு நனைந்து கெட்டுவிடும் என்று நீர் ஊற்றாமல், சரக்கறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். விநோத நிறத்தில் எழுந்த புகையைப் பார்க்கக் கூட்டம் கூடிற்று. வெடித்தபோது இறந்தவர் குறைந்தது 581 பேர். உரத்தைக் காக்க எண்ணினர். மனிதரைக் காக்க எண்ணினார் இலர்.

'இவை பழங்கதை, காலம் மாறிவிட்டது' என்பீரேல், 2020 ஆகஸ்டு 4-ஐப் பாருங்கள். லெபனான் தேசத்து பெய்ரூட் துறைமுகக் கிட்டங்கியில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறு ஆண்டுகளாகக் கிடந்தது. அதிகாரிகள் அறியாததன்று, கடிதத்தின் மேற் கடிதம் ஒரு காரியாலயத்திலிருந்து மறு காரியாலயத்துக்குச் சென்றுகொண்டே இருந்தது. தீப்பிடித்த அன்று அணைக்கச் சென்ற பத்துப் பேருக்கு மட்டும், உள்ளே இருப்பது இன்னதென்று எவரும் சொல்லவில்லை. அப்பத்துப் பேரும் திரும்பவில்லை. ஊரில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கோப்புக்குத் தெரிந்தது, குழாய் பிடித்தவனுக்குத் தெரியவில்லை!

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். 1978 அக்டோபர் 12-இல் சிங்கப்பூர் ஜூரோங் கப்பற் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் செப்பனிடப்படும்போது வெடித்தது. தொழிலாளர் மத்தியான உணவு முடித்து வேலைக்குத் திரும்பிய வேளை. 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்து உண்டான ஆவியை, வெட்டும் விளக்கின் பொறி கொளுத்திவிட்டதென்று விசாரணையிற் கண்டனர். தொட்டிக்குள் எரியும் ஆவி நிற்கின்றது என்பதை, விளக்கைப் பிடித்தவன் அறிந்திருந்தால் பிடித்திருப்பானா? 1980 ஜூன் 20-இல் கிள்ளான் தென்துறைமுகத்தில் இரசாயனக் கிட்டங்கி வெடித்தது. மூவர் மாண்டனர், சுமார் இருநூறு பேர் காயமடைந்தனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1992 ஜூனில், அதே கிள்ளான் துறைமுகத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அதே துறைமுகம், அதே மாதம். சோதிடன் இதற்கும் ஒரு கிரகத்தைக் காட்டக்கூடும். நாம் கேட்பது, முதல் விபத்திற் கற்ற பாடம் இரண்டாம் விபத்தில் மாண்ட தொழிலாளிக்கு அவன் அறிந்த மொழியிற் சொல்லப்பட்டதா என்பதே.

கடல்தான் என்றில்லை. 2025 ஏப்ரல் 1-இல், நோன்புப் பெருநாளின் மறுநாள், சிலாங்கூர் புத்ரா ஹைட்சில் நிலத்தடி வாயுக் குழாய் வெடித்து வானளாவ எரிந்ததை நாம் அனைவரும் கண்டோம். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர், வீடுகள் எரிந்தன. காலையில் விருந்துக்குப் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், போட்டது போட்டபடி ஓடினார்கள். தன் வீட்டருகே பூமிக்கடியில் என்ன செல்கின்றது, அது சீறினால் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று அத்தெருக் குழந்தைக்கு முன்னரே கற்பித்திருக்க வேண்டாமா?

இவ்விடத்தில் மூன்றாவதாக ஒருவர் குறுக்கிடுவார். அவர் உத்தியோகத் தோரணையில் பேசுபவர். 'பாமர ஜனங்களிடம் இதையெல்லாம் சொன்னால் பீதி உண்டாகும். தெரியாமல் இருப்பதே நலம்' என்பார். ஐயா, பீதி என்பது யாது? என்ன நேர்கின்றதென்றும், என்ன செய்வதென்றும் அறியாதவன் கொள்ளும் அச்சமே பீதி. அறிந்தவன் கொள்ளுவது ஜாக்கிரதை. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்ணுக்கு அது விஷமென்று சொன்னதால் அவள் மருந்துப் பம்பைப் போட்டுவிட்டு ஓடவில்லை, கையுறை கேட்டாள். உத்தியோகஸ்தருக்கு உண்மையில் அச்சம் தருவது ஜனங்களின் பீதியன்று. அந்தக் கையுறைக்கு ஆகும் செலவே.

சொல்லுவதால் விளையும் நன்மைக்கு ஹாலிபாக்சிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவ்வூர் இரயில் நிலையத்தில் தந்தி அனுப்பும் உத்தியோகத்திலிருந்தவர் வின்சென்ட் கோல்மன். எரியும் கப்பலில் வெடிமருந்து இருக்கின்றதென்று ஒரு மாலுமி அவரிடம் சொன்னான். பயணிகளோடு ஒரு வண்டி அவ்வூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் ஓடிப்போயிருக்கலாம், திரும்பிவந்து தந்தி மேசையில் அமர்ந்து, 'வண்டிகளை நிறுத்துங்கள்' என்று செய்தி அனுப்பி, வெடிப்பில் மாண்டார். அவர் படைத் தளபதி அல்லர்; மந்திரியும் அல்லர். நம்மைப்போல் மேசைமுன் அமர்ந்து செய்தி எழுதும் சாதாரண உத்தியோகஸ்தர். தக்கவரிடம் தக்க வேளையில் ஒரு வாக்கியம் சொன்னார். அச்செய்தி இருப்புப்பாதை நெடுகச் சென்று, ஊருக்கு உதவியும் விரைந்து வந்தது. ஒரு வாக்கியத்தின் விலை இது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாமும் கேட்கின்றோம்.

'பலகை வைத்திருக்கின்றோமே' என்பார்கள். வைத்திருக்கின்றார்கள், சிங்கப்பூரில் நான்கு மொழிகளில் 'அபாயம்' என்று எழுதிய பலகைகளை வேலியெங்கும் காணலாம். அதற்கு நன்றி. ஆனால் 'அபாயம்' என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தொழிலாளி என்ன செய்வான்? எது அபாயம், எவ்வழியாய் வரும், வந்தால் எத்திசையில் ஓடுவது, எவரிடம் சொல்வது என்பனவல்லவா அவனுக்கு வேண்டும்? பாம்பு இருக்கின்றதென்று சொல்லி, எந்தப் புற்றிலென்று சொல்லாமல் விடுவது எச்சரிக்கையாகாது.

ஆகவே நாம் கேட்பன இவை. முதலாவது, துறைமுகத்திலும் கப்பற் பட்டறையிலும் வாயு இறக்கும் துறையிலும் வேலைசெய்யும் ஒவ்வொருவனுக்கும், அவன் தமிழனாயினும் வங்காளியாயினும் நேப்பாளியாயினும், அவனவன் மொழியில், அங்குள்ள சரக்கின் குணமும் ஓடவேண்டிய வழியும் சொல்லப்படவேண்டும். காகிதத்தில் கையொப்பம் வாங்குவது சொல்வதாகாது. திருப்பிச் சொல்லவைத்துக் கேட்பதே சொல்வதாம்.

இரண்டாவது, அபாயகாலப் பயிற்சி நிரந்தர உத்தியோகஸ்தரோடு நின்றுவிடலாகாது. குத்தகைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், உணவு விற்பவர், அண்டைக் கம்பத்து மீனவர் ஆகிய அனைவரையும் அழைத்து நடத்தவேண்டும். நெருப்புக்கு நிரந்தர வேலைக்காரன் யார், குத்தகைக்காரன் யார் என்று தெரியாது.

மூன்றாவது, தொட்டிக்குள் வெட்டவோ ஒட்டவோ போகும் தொழிலாளி, அன்றைய தினம் வாயுச் சோதனை செய்த சீட்டைத் தன் கண்ணாற் காணாமல் விளக்கைக் கொளுத்த மறுக்கும் உரிமை உடையவனாதல் வேண்டும். அங்ஙனம் மறுத்தவன் வேலையை இழக்கலாகாது. 76 உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது. இன்னொரு முறை விலை கொடுக்க நம்மால் ஆகாது.

நான்காவது, விபத்து நேர்ந்தால் விசாரணை அறிக்கையை வெளியிடுவதோடு, அதன் சாரத்தை மக்கள் மொழிகளிலும் வெளியிடவேண்டும். ஆங்கிலப் பாடசாலையிற் படித்த காரணத்தால் நாம் அத்தகைய அறிக்கைகளை வாசிக்கின்றோம். மாண்டவனின் மனைவி வாசிக்க இயலவில்லை. எவருக்காக அறிக்கை எழுதப்பட்டதோ அவரே வாசிக்க முடியாத அறிக்கை எதற்கு?

ஐந்தாவது, நம் போன்ற கிராணிமார்க்கும் ஏற்றுமதிக் காரியாலயத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சரக்குச் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கட்டணத்தைக் குறைக்கவும் சோதனையைத் தவிர்க்கவும் அபாயமான சரக்குக்குச் சாதுவான பெயர் எழுதச் சொல்லும் முதலாளி உண்டு. அந்தப் பொய்ப் பெயரை நம்பித்தான் மாலுமி அடுக்குகின்றான். அதை நம்பித்தான் தீயணைப்பு வீரன் அணைக்கின்றான். பேனா முனையில் எழுதும் ஒரு பொய், கொக்கி பிடிப்பவன் தலையில் விழும்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டா. இப்பொழுதே ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டியவற்றைச் சொல்கின்றோம். வாசகசாலையில், சங்கக் கூட்டத்தில், கோயில் மண்டபத்தில், எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுங்கள். வாயு கசிந்ததென்று அறிந்தால், நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஹாலிபாக்சிலும் டெக்சாசிலும் வேடிக்கை பார்த்தவரே முதலில் மாண்டனர். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றதென்று பாருங்கள். வெண்புகை தவழும் பக்கம் போகாமல், காற்றுக்குக் குறுக்காகவோ எதிராகவோ விலகி, மேட்டு நிலத்துக்குச் செல்லுங்கள். பள்ளத்திலும் சாக்கடை ஓரத்திலும் ஒதுங்காதீர்கள். சுருட்டு, மோட்டார், மின்விசை, கைத்தொலைபேசி எதையும் வாயுவின் அருகே இயக்காதீர்கள்; விலகிச் சென்றபின் செய்தி சொல்லுங்கள். சிந்திக்கிடக்கும் திரவ வாயுவின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீர் அதனைக் குளிர்விக்காது, இன்னும் வேகமாய்க் கொதிக்கவைக்கும். தூரத்தே தீயைக் கண்டால் சன்னற் கண்ணாடியை விட்டு விலகுங்கள்.

தோழர்களே! பெரிய கப்பல்கள் இனியும் வரும். இன்னும் பெரியனவாகவும் வரும். சிங்கப்பூரில், கப்பலுக்கே எரிபொருளாகத் திரவ வாயுவை நிரப்பும் வேலையும் நடக்கின்றது. அதனைக் கண்டு அஞ்சவேண்டா. அதனை அறியாமல் இருப்பதற்கு மட்டும் அஞ்சுங்கள். எங்கேனும் ஒரு துறையில் ஒருவன் மாண்டு, 'எல்லாம் அவன் விதி' என்று எவராவது பெருமூச்செறிந்தால், உடனே கேளுங்கள்: 'எந்த விதி, ஐயா? எத்தனையாம் விதி? எந்த ஏட்டில் உள்ளது? அதனை அவனுக்கு எவர், எந்த மொழியில், எந்த நாளிற் சொன்னார்?' இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் மேலுலகத்தில் இல்லை. துறைமுகக் காரியாலயத்தில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் போய்க் கேட்போமாக.